ஏலம் கேட்பதா, போட்ட விலைக்கே வாங்குவதா? இணைய ஏலத் தளங்களுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏலத் தளத்தில் ஒரு பழைய 50 மி.மீ. கேமரா லென்ஸைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாடல் இரண்டு விதமாக எதிரே வந்து நிற்கும். ஒன்றில் 95 டாலர் என்று விலை போட்டிருக்கும்; அனுப்பும் செலவு அதிலேயே அடக்கம்; கீழே ‘பை இட் நவ்’ பொத்தான். இன்னொன்று ஏலத்தில் 40 டாலரில் நிற்கும். அனுப்பும் செலவு தனியாக 14 டாலர். முடிய இன்னும் 2 நாள். இதுவரை 3 பேர் கேட்டிருக்கிறார்கள்.

புதிதாக வருபவரின் கண் நேராக அந்த 40-க்குத்தான் போகும். ஆனால் அந்த 40 பொருளின் விலை அல்ல. ஏலம் இந்த நேரத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் எண், அவ்வளவுதான். முடியும்போது அது 60-லும் நிற்கலாம், 110-லும் நிற்கலாம். 95-ஐயும் 40-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இந்தத் தளங்களில் நடக்கும் முதல் தவறு. ஒப்பிட வேண்டியது 95-ஐயும், அந்த ஏலத்தில் நீங்கள் அதிகபட்சமாகக் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையையும்தான். அந்தத் தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைப் பார்ப்போம். எண்கள் ஈபேயின் அமெரிக்கத் தளத்தை ஒட்டியவை. மற்ற தளங்களில் விதிகள் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

லிஸ்டிங் (விற்பனைப் பதிவு) எந்த வகை என்று முதலில் பாருங்கள்

1995-இல் ஏலத் தளமாகவே தொடங்கிய ஈபே, 2000-இல் ‘பை இட் நவ்’ முறையைச் சேர்த்தது. இன்று அங்கே நடக்கும் விற்பனையில் பெரும்பகுதி நிலையான விலையில்தான். அதனால் தேடல் முடிவுகளில் இரண்டும் கலந்தே வரும். நான்கு வகைகளைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

வெறும் ஏலம்: தொடக்க விலை, முடியும் நேரம், கேட்டவர்களின் எண்ணிக்கை இருக்கும். காலம் 1, 3, 5, 7 அல்லது 10 நாள்.

வெறும் நிலையான விலை: கடையில் வாங்குவது போலத்தான். பணம் கட்டினால் பொருள் உங்களுடையது.

நிலையான விலையோடு ‘பெஸ்ட் ஆஃபர்’: விலை போட்டிருப்பார்கள், ஆனால் பேரத்துக்கு இடம் உண்டு.

ஏலமும் ‘பை இட் நவ்’ விலையும் சேர்ந்தது: இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். யாராவது முதல் தொகையைக் கேட்டவுடன் ‘பை இட் நவ்’ பொத்தான் பொதுவாக மறைந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாளைக்கு அந்த வாய்ப்பே இருக்காது. நீங்கள் கணக்கிட்ட தொகைக்குள் அந்த விலை அடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். அடங்கவில்லை, ஆனால் பொருள் வேண்டும் என்றால், தொடக்க விலையை ஒருமுறை கேட்டு வையுங்கள். பொத்தான் போய்விடும், வேறொருவர் நடுவில் வந்து மொத்தமாக வாங்கிக்கொண்டு போக முடியாது, எல்லோரும் ஏலத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

‘ரிசர்வ் நாட் மெட்’ என்று ஒரு வரி தெரிந்தால், விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை மறைத்து வைத்திருக்கிறார் என்று பொருள். அதைத் தொடாமல் ஏலம் முடிந்தால் முதலிடத்தில் நின்றவருக்கும் பொருள் கிடைக்காது. ரிசர்வ் உள்ள ஏலத்தில் ‘பை இட் நவ்’ பொத்தான் முதல் கேள்வியோடு (கேள்வி என்றால் ஏலத்தில் ஒருவர் கேட்கும் தொகை) மறையாது. ரிசர்வ் எட்டும் வரை இருக்கும்.

உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள்

விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. அதே லென்ஸுக்கு 160 டாலர் போட்டு ஆறு மாதமாகக் கிடக்கும் லிஸ்டிங்கும் இருக்கும். நமக்கு வேண்டியது ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய விலை.

மாடலின் முழுப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுங்கள். வடிகட்டிகளில் ‘சோல்ட் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஈபேயில் கடந்த 90 நாளில் விற்றவை வரும். பக்கத்திலேயே ‘கம்ப்ளீட்டட்’ என்றும் ஒன்று இருக்கும். அதில் விற்காமல் முடிந்தவையும் சேர்ந்து வரும் என்பதால் அதை விலை பார்க்கப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் எத்தனை பொருள் விற்காமல் திரும்புகின்றன என்று அறிய அது உதவும். பத்தில் ஏழு விற்காமல் போகிறது என்றால் பேரம் பேச உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

ஐந்தாறு விற்பனைகளையாவது திறந்து படங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். நம் லென்ஸுக்கு 84, 88, 90, 92, 95, 140 என்று கிடைக்கிறது என்று கொள்வோம். அந்த 140 ஏன் தனியாக நிற்கிறது என்று திறந்து பார்த்தால், பெட்டியோடு, மூடிகளோடு, கீறலே இல்லாத ஒன்றாக இருக்கும். அதை விட்டுவிடுங்கள். மீதியில் நடுவில் நிற்பது 90. சராசரி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு விசித்திர விற்பனை சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை இழுக்காது.

இங்கே ஒரு மறைகுழி உண்டு. ‘பெஸ்ட் ஆஃபர்’ வழியாக விற்றவற்றில், போட்டிருந்த விலை கோடு அடித்துத் தெரியும்; ஆஃபர் ஏற்கப்பட்டது என்று எழுதியிருக்கும்; எவ்வளவுக்கு ஏற்கப்பட்டது என்று அந்தப் பட்டியலில் தெரியாது. கோடு அடித்த எண்ணை விற்ற விலையாகக் கணக்கில் சேர்த்தால் உங்கள் நடு எண் மேலே ஏறிவிடும். அப்படிப்பட்டவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே நல்லது.

பொருளின் நிலை பற்றிய சொற்களையும் கவனியுங்கள். ‘அன்டெஸ்டட்’ என்றால் சோதித்துப் பார்க்கவில்லை. இயக்கிப் பார்க்க ஒரு பேட்டரி போதும் என்கிற பொருளுக்கு அப்படி எழுதியிருந்தால், அதைப் பழுதான பொருளாகவே எடுத்துக்கொண்டு பழுதான பொருளின் விலையைக் கொடுங்கள். ‘ஃபார் பார்ட்ஸ்’ என்றால் உதிரிக்கு மட்டும். வேலை செய்யவில்லை என்று பிறகு புகார் சொல்ல முடியாது. லென்ஸ் என்றால் உள்ளே பூஞ்சை இருக்கிறதா, துவார இதழ்களில் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள்) எண்ணெய் படிந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம் ஒன்று இல்லாத லிஸ்டிங்கில் இந்த இரண்டும் தெரியவே தெரியாது. கேள்வியைத் தளத்தின் மெசேஜ் வழியாகவே கேளுங்கள். பதில் அங்கே பதிவாகி நிற்பது பின்னால் தகராறு வந்தால் கைகொடுக்கும்.

எதற்கு ஏலம், எதற்கு நிலையான விலை

தாராளமாகக் கிடைக்கும் பொருள், எல்லோருக்கும் விலை தெரிந்த பொருள் என்றால் நிலையான விலையில் வாங்குங்கள். புதிய சார்ஜர், நடப்பு மாடல் போன், அச்சில் இருக்கும் புத்தகம் போன்றவற்றுக்கு ஏலத்தில் உட்கார்ந்தால் நேரம்தான் போகும். இப்படிப்பட்ட பொருள் கடை விலையையும் தாண்டி ஏலத்தில் போவதைத் தினமும் பார்க்கலாம்; கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களே தவிர பக்கத்து லிஸ்டிங்கைப் பார்ப்பதில்லை.

அவசரமாக வேண்டும், ஒரு குறிப்பிட்ட நிறமோ அளவோதான் வேண்டும், பிடிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்றாலும் நிலையான விலைதான். திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி கொடுப்பவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம்.

ஏலத்துக்கு ஏற்றவை வேறு. பழைய நாணயம், நிறுத்தப்பட்ட கருவியின் உதிரி, கையெழுத்துப் பிரதி, கலவையாக விற்கும் மொத்தப் பெட்டி, ஒரு வருடத்தில் ஓரிரு முறையே சந்தைக்கு வரும் பொருள். இவற்றுக்கு விலை என்னவென்று விற்பவருக்கும் தெரியாது, அதனால்தான் ஏலத்துக்கு விடுகிறார். தவறான பிரிவில் போட்ட லிஸ்டிங், மாடல் பெயரில் எழுத்துப்பிழை உள்ள லிஸ்டிங், மங்கலான படம், எல்லோரும் தூங்கும் நேரத்தில் முடியும் ஏலம் ஆகியவற்றில் கேட்க வருபவர்கள் குறைவு. குறைந்த விலைக்கு வாங்கும் வாய்ப்பு இருப்பது இங்கேதான். பெயரைத் தப்பும் தவறுமாக நான்கு விதத்தில் தட்டித் தேடிப் பாருங்கள், பலன் உண்டு.

நம் லென்ஸையே எடுத்துக்கொள்வோம். அனுப்பும் செலவோடு மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்தால், 14 போக ஏலத்தில் 76 வரை போகலாம். அதாவது 2 நாள் காத்திருந்து, நினைத்த எல்லை வரை போய் வென்றால், 95 டாலர் லிஸ்டிங்கைவிட மிச்சம் 5 டாலர்தான். எல்லைக்கு வெகு கீழே முடிந்தால்தான் காத்திருந்ததற்கு மதிப்பு. அதே 95 டாலர் லிஸ்டிங்கில் பேரத்துக்கு இடமிருந்தால், அங்கே ஓர் ஆஃபர் கொடுப்பதை முதலில் முயல்வதே புத்திசாலித்தனம்.

நிலையான விலையில் பேரம்

‘மேக் ஆஃபர்’ அழுத்தித் தொகையைத் தட்டுகிறீர்கள். விற்பவர் ஏற்கலாம், மறுக்கலாம், நடுவில் ஒரு தொகையைத் திருப்பிச் சொல்லலாம். பதிலுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள் கெடு இருக்கும். ஆஃபர் கொடுப்பது விளையாட்டு அல்ல. அவர் ஏற்றுக்கொண்டால் நீங்கள் வாங்கியாக வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் ஆஃபர் போட்டு மூவரும் ஏற்றுக்கொண்டால் மூன்று லென்ஸ் வந்து சேரும். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது.

ஒரு பொருளுக்கு இத்தனை ஆஃபர்தான் என்று வரம்பு உண்டு. 95-க்கு 40 கேட்டு முதல் வாய்ப்பை வீணாக்காதீர்கள். பல விற்பவர்கள் ஒரு தொகைக்குக் கீழே வந்தால் தானாக மறுக்கும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் 40 அவர் கண்ணிலேயே படாது. கையில் விற்ற விலைகளின் பட்டியல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். 84-இல் தொடங்கலாம். ஆஃபரோடு ஒரு வரியும் எழுதுங்கள்: ‘இதே நிலையில் உள்ளவை 84 முதல் 92 வரை போயிருக்கின்றன, 84 என்றால் இன்றே பணம் கட்டுகிறேன்.’ லிஸ்டிங் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இறங்கி வருவார்கள். நேற்றுப் போட்டதென்றால் அசைய மாட்டார்கள். ‘வாட்ச் லிஸ்ட்’டில் சேர்த்து வைத்தால் சில நேரம் விற்பவரே குறைத்து ஓர் ஆஃபர் அனுப்புவார்.

ஏலம் உள்ளே எப்படி ஓடுகிறது

நேரில் நடக்கும் ஏலத்தில் ஒருவர் சத்தமாகக் கேட்பார், அடுத்தவர் அதற்கு மேல் கேட்பார், ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று முடியும். இணையத்தில் நீங்கள் தட்டுவது உங்கள் அதிகபட்சத் தொகையை. தளம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டு, அடுத்தவரைவிட ஒரு படி மேலே மட்டும் உங்களுக்காகக் கேட்கும். படி எவ்வளவு என்பது விலையைப் பொறுத்தது. ஈபேயில் 25 முதல் 99.99 டாலர் வரை ஒரு படி 1 டாலர்; 100 முதல் 249.99 வரை 2.50; 250 முதல் 499.99 வரை 5.

40-இல் நிற்கும் நம் ஏலத்தை நெருங்கிப் பார்ப்போம். தொடக்க விலை 10. முதலிடத்தில் இருப்பவர் ரகசியமாகக் கொடுத்திருப்பது 55. அவருக்கு அடுத்தவர் 39 கேட்டதால் திரையில் 40 தெரிகிறது. இப்போது நீங்கள் 76.37 என்று கேட்கிறீர்கள். 55-ஐத் தாண்டி ஒரு படி: திரையில் 56, முதலிடம் உங்களுக்கு. ஒருவர் வந்து 65 கேட்கிறார். திரை 66-க்கு ஏறும், முதலிடம் உங்களிடமே. அவர் விடாமல் 70 கேட்கிறார், 71. பிறகு 76 கேட்கிறார். ஒரு முழுப் படி சேர்த்தால் 77, அது உங்கள் எல்லைக்கு மேல். அதனால் உங்கள் 76.37 முழுவதும் திரையில் வந்து நிற்கும், இன்னும் நீங்கள்தான் முன்னால். நீங்கள் 76 என்று முழு எண்ணாகப் போட்டிருந்தாலும் இந்த இடத்தில் பொருள் உங்களுக்கே, ஏனென்றால் தொகை சமமானால் முதலில் கேட்டவருக்கே முன்னுரிமை. நீங்கள் பின்னால் வந்தவராக இருந்து, முன்னால் நின்றவர் 76 போட்டிருந்தால், முழு எண் உங்களைத் தோற்கடித்திருக்கும். பலரும் முழு எண்ணிலேயே நிறுத்துகிறார்கள். சில்லறை சேர்த்துக் கேட்பது அதனால்தான்.

இன்னொரு நுணுக்கம்: திரையில் தெரியும் விலையைவிட ஒரு படி கூடக் கேட்க வேண்டுமே தவிர, மறைந்திருக்கும் எல்லையைவிட ஒரு முழுப் படி கூடக் கேட்க வேண்டியதில்லை. திரை 66-இல் நிற்கும்போது ஒருவர் 76.50 போட்டால், உங்கள் 76.37-ஐ 13 சென்ட் வித்தியாசத்தில் வென்றுவிடுவார். ஒரு டாலர் ஏறாமல் எப்படித் தோற்றோம் என்று குழம்பும் புதியவர்களுக்கு விடை இதுதான்.

வெல்பவர் கொடுப்பது ஏறக்குறைய இரண்டாமவரின் எல்லையைத்தான். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்த ஏல முறைக்கு மிக நெருங்கியது இது; 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறையில் உண்மையான எல்லையைச் சொல்வதால் நஷ்டமில்லை. 76.37 போட்டாலும் மற்றவர்கள் 58-இல் நின்றுவிட்டால் நீங்கள் கட்டுவது 59 மட்டுமே. நீங்களே முன்னால் நிற்கும்போது உங்கள் எல்லையை உயர்த்தினாலும் திரை விலை பொதுவாக ஏறாது. ரிசர்வ் எட்டாத ஏலம் இதற்கு விலக்கு, அங்கே உங்கள் தொகை ரிசர்வைத் தொட்டால் விலை அந்த ரிசர்வுக்கே தாவும்.

எல்லைத் தொகையைக் கணக்கிடுவது

இந்த ஒரு கணக்கைத் தாளில் போடாமல் எந்த ஏலத்திலும் இறங்காதீர்கள்.

1. இதே நிலையில் உள்ள பொருளின் நடு விலை, அனுப்பும் செலவோடு: 90.

2. இறக்குமதி வரியோ விற்பனை வரியோ உண்டென்றால் அதைப் பிரித்தெடுங்கள். பொருள், அனுப்பும் செலவு இரண்டின் மேலும் 10% வரி என்றால் 90-ஐ 1.10-ஆல் வகுங்கள்: 81.82.

3. இந்த லிஸ்டிங்கின் அனுப்பும் செலவைக் கழியுங்கள்: 81.82-இல் 14 போக 67.82. வரி இல்லையென்றால் 76.

4. சில தளங்கள் வென்ற தொகையின் மேல் வாங்குபவரிடமே ஒரு சதவீதக் கட்டணம் வாங்கும். வரிக்குச் செய்த அதே வகுத்தலை இதற்கும் செய்யுங்கள்.

5. பழுது பார்க்க ஆகும் செலவு, வராத மூடி, கேபிள் போன்றவற்றின் விலை, இவற்றைக் கழியுங்கள். திருப்பி எடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

6. வேறு நாட்டு நாணயம் என்றால் தளம் காட்டும் மாற்று விலை தோராயமானது. கார்டு நிறுவனம் போடும் விகிதமும் கட்டணமும் சேர்ந்து கூடவே வரும்.

கடைசியில் வரும் எண்ணோடு சில்லறை சேர்த்து எழுதி வையுங்கள். எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் அந்தப் பொருளை மற்ற எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர், ஆகவே தேவைக்கு மேல் கொடுத்துவிடும் ஆபத்தும் அவருக்கே. விலை தெளிவாகத் தெரியாத பொருளில், உங்கள் மதிப்பீட்டுக்குச் சற்றுக் கீழேயே எல்லையை வைப்பதற்கு இதுவே காரணம்.

கடைசி நிமிடத்தில் என்ன செய்வது

எல்லோரும் உண்மையான எல்லையை ஒரே முறையில் சொல்லிவிட்டால், எப்போது கேட்டாலும் ஒன்றுதான். ஆனால் பலர் அப்படிச் செய்வதில்லை. யாராவது முந்தினால் இரண்டு டாலர், மறுபடி முந்தினால் இன்னும் இரண்டு டாலர் என்று கொறிக்கிறார்கள். இரண்டு நாள் முன்பே நீங்கள் கேட்டுவிட்டால் அவர்களுக்குக் கொறிக்க இரண்டு நாள் கிடைக்கும். கடைசி 10 விநாடியில் கேட்டால் பதிலுக்கு விலையை ஏற்ற அவர்களுக்கு நேரமிருக்காது. இதைத்தான் ‘ஸ்னைப்பிங்’ என்கிறார்கள்.

இது எல்லாத் தளத்திலும் பலிக்காது. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, குறித்த நேரத்தில் கறாராக முடியும் ஈபேயில் கடைசி நேரக் கேள்விகள் அதிகம் என்றும், கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீளும் அமேசானின் அன்றைய ஏலத் தளத்தில் அவை குறைவு என்றும் காட்டியது. யாஹூ ஜப்பான் ஏலங்களில், விற்பவர் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தால், கடைசி 5 நிமிடத்தில் விலை ஏறும்போது ஏலம் மேலும் 5 நிமிடம் நீளும். இப்படி நீளும் தளத்தில் கடைசி விநாடிக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. எல்லையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கறாராக முடியும் தளத்தில் செய்ய வேண்டியது: முடிய 10 நிமிடம் இருக்கும்போது மறுபடி உள்நுழையுங்கள், சரியான அந்த நேரத்தில் கடவுச்சொல் கேட்டு நிற்பது அடிக்கடி நடக்கும். லிஸ்டிங்கில் விளக்கம் ஏதாவது மாறியிருக்கிறதா, விற்பவர் பிற்சேர்க்கை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். 1 நிமிடம் இருக்கும்போது தொகையைத் தட்டி, ‘உறுதி செய்’ பக்கத்தில் நிறுத்துங்கள். தசமப் புள்ளியைச் சரிபாருங்கள். 8 முதல் 10 விநாடி இருக்கும்போது அழுத்துங்கள். 2 விநாடி வரை காத்திருப்பவர்கள் நெட் தாமதத்தில் தோற்கிறார்கள். முடிவு நேரத்தைத் தளத்தின் கடிகாரத்தில் பாருங்கள். ஈபே அமெரிக்கத் தளம் பசிபிக் நேரத்தில் ஓடுகிறது, உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் தேதியே மாறிப்போகும் குழப்பம் வரலாம்.

அந்த நேரத்தில் விழித்திருக்க முடியாதென்றால் எல்லையை முன்பே போட்டுவிட்டுத் தூங்குங்கள். கடைசி விநாடியில் இருவர் கேட்டாலும் வெல்வது அதிகத் தொகைதான், வேகமான விரல் அல்ல. உங்களுக்காகக் கடைசி விநாடியில் கேட்டுத்தரும் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் சில உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

‘அவுட்பிட்’ (உங்களை ஒருவர் முந்திவிட்டார்) என்று அறிவிப்பு வந்தவுடன் இன்னும் கொஞ்சம் ஏற்றத் தோன்றும். பணம் அதிகம் போவது இந்த இடத்தில்தான். தாளில் எழுதிய எண்ணைப் பாருங்கள். புதிதாக ஏதாவது தெரியவந்திருந்தால் ஒழிய அந்த எண்ணை மாற்றக் காரணமில்லை. இன்னொருவர் அதிகம் கொடுக்கிறார் என்பது புதிய தகவல் அல்ல.

தவறு நேரும் இடங்கள்

76.37-க்குப் பதில் 7637 தட்டிவிட்டால் உடனே திரும்பப் பெறுங்கள். ஈபேயில் தொகையைத் தவறாகத் தட்டியது, பொருளின் விளக்கம் பெரிதாக மாறியது, விற்பவரைத் தொடர்புகொள்ள முடியாதது ஆகியவைதான் ஏற்கப்படும் காரணங்கள். முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் திரும்பப் பெறலாம், ஆனால் அந்தப் பொருளுக்கு நீங்கள் கேட்ட எல்லாமே ரத்தாகும். 12 மணி நேரத்துக்குள் என்றால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும். கடைசியாகக் கேட்டது மட்டும் ரத்தாகும். மனம் மாறியது காரணமாகாது.

ஒரே லென்ஸ் மூன்று ஏலத்தில் இருந்தால் மூன்றிலும் கேட்காதீர்கள். முதலில் முடிவதில் கேளுங்கள், தோற்றால் அடுத்தது. ஒவ்வொரு வெற்றியும் வாங்கும் ஒப்பந்தம்.

விற்பவரே இன்னொரு கணக்கிலோ நண்பர் மூலமோ கேட்டு விலையை ஏற்றுவதை ‘ஷில் பிட்டிங்’ என்பார்கள்; தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, ஆனாலும் நடக்கிறது. கேட்டவர்களின் வரலாற்றைத் திறந்தால் பெயர்கள் பாதி மறைந்து தெரியும். ஒருவரை அழுத்தினால் இந்த விற்பவரிடம் அவர் எத்தனை சதவீதம் கேட்டிருக்கிறார், எத்தனை முறை திரும்பப் பெற்றிருக்கிறார் என்று ஈபே காட்டும். புதுக் கணக்கு, ஏறக்குறைய எல்லாக் கேள்வியும் இதே விற்பவரிடம், திரும்பப் பெற்ற எண்ணிக்கை அதிகம், எதையும் வென்றதே இல்லை என்று எல்லாம் ஒன்று சேர்ந்தால் விலகிவிடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. அபூர்வமான பொருளைச் சேர்ப்பவர் ஒரே விற்பவரிடம் திரும்பத் திரும்ப வருவது இயல்பு. ஒருவர் பெருந்தொகை கேட்டு உங்கள் எல்லையை வெளியே கொண்டுவந்துவிட்டுத் தன் கேள்வியைத் திரும்பப் பெறுவதும் உண்டு. அப்படி நடந்ததைக் கண்டால் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். கடைசி நேரத்தில் கேட்பவர்களிடம் இந்தத் தந்திரம் செல்லாது.

தோற்ற சில மணி நேரத்தில் ‘வென்றவர் விலகிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்’ என்று மின்னஞ்சல் வந்தால் அதிலுள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். ‘செகண்ட் சான்ஸ் ஆஃபர்’ என்பது உண்மையிலேயே உள்ள வசதிதான். ஆனால் அது தளத்துக்குள் உங்கள் மெசேஜ் பெட்டியிலும் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் மோசடி. உண்மையானது என்றாலும் அதில் வரும் விலை நீங்கள் கடைசியாகக் கேட்ட தொகை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் விலை குறைக்கிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பணம் அனுப்பும் சேவையான பேபாலில் ‘ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி’ வழியாக அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

வென்ற பிறகு

அன்றே கட்டிவிடுங்கள். ஈபேயில் 4 நாளுக்குள் பணம் வராவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம்; அது உங்கள் கணக்கில் பதிவாகும். ஒரே விற்பவரிடம் இரண்டு பொருள் வென்றிருந்தால் மட்டும், கட்டுவதற்கு முன் ஒன்றாக அனுப்பி அனுப்பும் செலவைக் குறைக்கச் சொல்லிப் புது இன்வாய்ஸ் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் திரும்பக் கிடைப்பது கடினம்.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி வைத்து, பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். அன்றே சோதியுங்கள்: லென்ஸ் என்றால் துவார வளையத்தை முழுதும் திருப்பி, ஒரு விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். விளக்கத்தோடு பொருந்தவில்லை என்றால் முதலில் விற்பவருக்குத் தளத்தின் மெசேஜில் படத்தோடு எழுதுங்கள். தீராவிட்டால் தளத்தில் புகார் திறங்கள். ஈபேயின் பணத்திருப்ப உத்தரவாதம் பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள். ‘அடுத்த வாரம் தீர்க்கிறேன்’ என்று விற்பவர் இழுக்கும்போது இந்த நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். வேலை முடியும் முன் ஃபீட்பேக் போடாதீர்கள்.

தோற்றுவிட்டால் இறுதி விலையை அதே தாளில் கடைசி வரியாக எழுதுங்கள். உங்கள் பட்டியலில் ஒரு புதிய விற்ற விலை கிடைத்திருக்கிறது. பிறகு மாடல் பெயரைத் தேடி அந்தத் தேடலைச் சேமித்து, புதிய லிஸ்டிங் வந்தால் அறிவிப்பு வரும்படி வையுங்கள். ஏலம், நிலையான விலை இரண்டுக்கும் தனித்தனியாக ஒன்று. நிலையான விலைக்கான அறிவிப்பு வந்தால் உடனே திறந்து பாருங்கள். குறைத்துப் போட்ட விலைக்கு வந்த பொருள் சில நிமிடத்தில் போய்விடும். ஏலத்துக்கான அறிவிப்பு வந்தால் அவசரமே இல்லை, தாளை எடுத்து எண்ணைச் சரிபார்க்க உங்களுக்கு நாட்கள் இருக்கின்றன.